வந்த உறுப்பை ஏற்பதா, காத்திருப்பதா? ஹெபடைடிஸ் தொற்றுள்ள கொடையாளரின் உறுப்பு குறித்த ஓர் ஒப்பீடு

மாற்றுச் சிறுநீரகத்துக்காக ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொண்டு காத்திருக்கும் ஒருவருக்கு, நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. இரத்த வகை பொருந்துகிறது, உறுப்பும் நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் மூளைச்சாவு அடைந்த கொடையாளரின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள். 2010ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி வந்திருந்தால், அத்தொற்று இல்லாத நோயாளிக்கு மருத்துவர்கள் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்கள். இன்று அதே கேள்விக்கு, சில நிபந்தனைகள் நிறைவேறுமானால், ஏற்கலாம் என்பதே பலருக்கும் சரியான விடை என்று நான் கருதுகிறேன். ஆனால் அந்த அழைப்பில் ‘சி’ என்பதற்குப் பதிலாக ‘பி’ என்று சொல்லப்பட்டாலோ, சிறுநீரகத்துக்குப் பதிலாகக் கல்லீரல் என்று சொல்லப்பட்டாலோ விடை மாறிவிடும். எங்கே மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் வேலை.

இந்த ஒப்பீட்டை அழைப்பு வருவதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும். வழக்கமான குளிர்ப் பாதுகாப்பில் இதயம் ஏறத்தாழ 4 மணி நேரமும், கல்லீரல் ஏறத்தாழ 12 மணி நேரமும், சிறுநீரகம் ஒரு நாளுக்குச் சற்று மேலும் தாங்கும். இந்தக் கால அளவுக்குள்ளேயே உறுப்பை எடுப்பதும், கொண்டு சேர்ப்பதும், பொருத்துவதும் முடிய வேண்டும். ஆகவே நோயாளிக்கும் குடும்பத்துக்கும் யோசிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அந்தச் சொற்ப நேரத்தில் முதன்முறையாக வைரஸின் பெயரைக் கேட்பவர் அச்சத்தால் மறுப்பதும், ஏற்கெனவே களைத்துப்போனவர் எதையும் கேளாமலே ஒப்புக்கொள்வதும் ஒரே அளவில் தவறான முடிவுகளாகலாம்.

‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லுக்குள் இருப்பவை

முதலில் சோதனை முடிவைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். கொடையாளருக்கு ‘ஹெபடைடிஸ் பாசிட்டிவ்’ என்று பொதுவாகச் சொல்வது, முடிவெடுக்க வேண்டியவருக்கு எந்தப் பயனும் தராத தகவல். எந்த வைரஸ், எந்தச் சோதனையில் பாசிட்டிவ் என்ற இரண்டும் தெரிந்தால்தான் அபாயத்தின் அளவு தெரியும்.

ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டறிவது ஒரு சோதனை, வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் நியூக்ளிக் அமிலச் சோதனை மற்றொன்று. தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் சிகிச்சை எதுவுமின்றியே வைரஸை வெளியேற்றிவிடுகிறார்கள். மற்றவர்களை இன்று மருந்தால் குணப்படுத்த முடிகிறது. இந்த இரு வகையினருக்கும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், இரத்தத்தில் தங்கியிருக்கும். எனவே எதிர்ப்பொருள் இருந்து ஆர்.என்.ஏ. இல்லாத கொடையாளர், ஒரு காலத்தில் தொற்றுக்கு ஆளாகி மீண்டவர். அவருடைய உறுப்பால் ஹெபடைடிஸ் சி பரவும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆர்.என்.ஏ. பாசிட்டிவாக இருக்கும் கொடையாளரின் உறுப்போ, தடுப்பு மருந்து தரப்படாவிட்டால், ஏறத்தாழ எல்லாப் பெறுநர்களுக்கும் வைரஸைக் கடத்திவிடும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்து, ஒரே அச்சத்தோடு மறுப்பது நல்ல உறுப்புகளை வீணாக்குகிறது.

ஹெபடைடிஸ் பி வைரஸில் சோதனையைப் படிப்பது இன்னும் சிக்கலானது. வைரஸின் வெளியுறைப் புரதமான மேற்பரப்பு ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் கொடையாளருக்குத் தொற்று இப்போது இருக்கிறது என்று பொருள். அது நெகட்டிவாக இருந்து, வைரஸின் உள்ளகப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் பாசிட்டிவாக இருந்தால், அவர் எப்போதோ தொற்றுக்கு ஆளாகி, வெளிப்பார்வைக்கு மீண்டவர். ‘வெளிப்பார்வைக்கு’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அதைக் கல்லீரல் பகுதியில் விரிவாகப் பார்ப்போம். மேற்பரப்பு ஆன்டிஜெனுக்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால், அது தடுப்பூசியால் வந்த பாதுகாப்பு. அதனால் எந்த அபாயமும் இல்லை.

ஹெபடைடிஸ் சி: மூடப்பட்டிருந்த வழி திறந்த கதை

ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989இல் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன் அது ‘ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத’ மஞ்சள் காமாலை என்றே அழைக்கப்பட்டு வந்தது. சோதனை கையில் வந்தவுடனேயே, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் கொடையாளர்களின் பழைய இரத்த மாதிரிகளையும் உறுப்பைப் பெற்றவர்களையும் ஆராய்ந்தவர்கள், உறுப்பு வழியாக இந்த வைரஸ் பரவுகிறது என்பதை 1991, 1992ஆம் ஆண்டுகளில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார்கள். அன்று இருந்த மருந்து இன்டர்ஃபெரான். அது எல்லோருக்கும் பலன் தராதது மட்டுமன்று. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுவதால், பொருத்தப்பட்ட சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் அபாயத்தையும் அதிகரித்தது. எனவே தொற்றுள்ள உறுப்புகள் ஏற்கெனவே ஹெபடைடிஸ் சி இருந்த நோயாளிகளுக்கு மட்டும் பயன்பட்டன, மிஞ்சியவை கைவிடப்பட்டன.

வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் இந்த நிலையை மாற்றின. 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் அங்கீகாரம் பெற்றது. 2016இல் சோஃபோஸ்புவிர்–வெல்பட்டஸ்விர் கூட்டும், 2017இல் கிளெகாப்ரெவிர்–பிப்ரென்டாஸ்விர் கூட்டும் வந்தன. கடைசி இரண்டும் வைரஸின் எல்லா முக்கிய மரபணு வகைகளுக்கும் எதிராகச் செயல்படுபவை. பொதுவான நோயாளிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரை 8 முதல் 12 வாரங்களில் குணப்படுத்தும் மருந்துகள் கிடைத்தபின், தொற்று இல்லாதவருக்கே தொற்றுள்ள உறுப்பைக் கொடுத்து, வரும் தொற்றைப் பின்னர் குணப்படுத்தினால் என்ன என்ற துணிச்சலான கேள்வி எழுந்தது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஹெபடைடிஸ் சி இல்லாத 10 நோயாளிகளுக்கு, வைரஸ் உள்ள சிறுநீரகங்கள் பொருத்தப்பட்டன. தொற்று உறுதியானபின் எல்பாஸ்விர்–கிராஸோப்ரெவிர் மாத்திரை 12 வாரங்கள் தரப்பட்டது. 10 பேரும் குணமானார்கள். 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் வேறு வழியில் சென்றார்கள். தொற்று வரட்டும் என்று காத்திராமல் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மருந்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய 10 நோயாளிகளில் ஒருவருக்குக்கூட நாட்பட்ட தொற்று ஏற்படவில்லை. இதயமும் நுரையீரலும் பெற்றவர்களைக் கொண்ட பாஸ்டன் ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதில் அறுவை முடிந்த சில மணி நேரத்துக்குள் தொடங்கி, 4 வாரங்கள் மட்டுமே சோஃபோஸ்புவிர்–வெல்பட்டஸ்விர் தரப்பட்டது. 6 மாதம் வரை தொடர்ந்து பார்க்கப்பட்ட முதல் 35 பேரிடமும் வைரஸ் இல்லை. டொராண்டோ குழுவினர் 2020இல் இதை 8 நாட்களாகவே சுருக்கினார்கள். கிளெகாப்ரெவிர்–பிப்ரென்டாஸ்விருடன், கொழுப்பைக் குறைக்கத் தரப்படும் எஸெட்டிமிப் என்ற மாத்திரையையும் சேர்த்தார்கள். அது வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஒரு புரதத்தைத் தடுக்கிறது. அந்த 30 பேரில் பலரிடம் சில நாட்கள் மிகக் குறைந்த அளவில் வைரஸ் தென்பட்டு மறைந்தது; நாட்பட்ட தொற்று எவருக்கும் வரவில்லை.

இந்த எண்ணிக்கைகள் சிறியவை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தனித்தனி மையங்களில், வெவ்வேறு உறுப்புகளில், வெவ்வேறு மருந்துகளுடன் செய்யப்பட்ட ஆய்வுகள் அனைத்தும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதற்கு ஓர் எடை உண்டு. அதன்பின் இம்முறை ஆய்வு எல்லையைத் தாண்டி, பல மையங்களில் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. அமெரிக்காவில் கொடையாளரின் சிறுநீரகத் தரத்தை மதிப்பிடும் குறியீட்டில், ஹெபடைடிஸ் சி இருந்தால் மதிப்பெண் குறைக்கப்பட்டு வந்த வழக்கம் 2024இல் கைவிடப்பட்டது.

முன்கூட்டித் தடுப்பதா, வந்தபின் குணப்படுத்துவதா?

ஹெபடைடிஸ் சி உள்ள உறுப்பை ஏற்பது என்று முடிவெடுத்தபின்னும் ஒரு தேர்வு மிஞ்சுகிறது. நோயாளிகளிடம் இது பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. அறுவைக்கு முன்போ சில மணி நேரத்துக்குள்ளோ மருந்தைத் தொடங்குவது ஒரு வழி. இரத்தத்தில் வைரஸ் தோன்றுவதைச் சோதனையில் பார்த்தபின், சில வாரங்கள் கழித்து முழுச் சிகிச்சை தருவது மற்றொரு வழி.

முதல் வழியில் மருந்து குறைந்த நாட்களே போதும். தொற்று நிலைகொள்ளும் முன்பே தடுக்கப்படுகிறது. ஆனால் அறுவை முடிந்த உடனே, வாய்வழி உணவுகூடத் தொடங்காத நிலையில், மாத்திரையைத் தவறாமல் கொடுக்க வேண்டும். அதற்கு மருந்து மருத்துவமனையிலேயே தயாராக இருந்தாக வேண்டும். இரண்டாம் வழியில் மருந்து 8 முதல் 12 வாரங்கள் வரை தேவைப்படும். நோயாளி தேறி வீடு திரும்பியபின் நிதானமாகத் தொடங்கலாம் என்ற வசதி இருக்கிறது. அந்த நிதானத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. புதிய உறுப்பை நிராகரிக்காமலிருக்க நோய் எதிர்ப்பாற்றல் மருந்தால் அடக்கப்பட்ட உடலில் வைரஸ் மிக வேகமாகப் பெருகும். காப்பீட்டு ஒப்புதலோ மருந்து வரவோ தாமதமானதால், பித்தம் தேங்கிக் கல்லீரல் விரைவாகத் தழும்பேறும் கடுமையான ஹெபடைடிஸ் சிலருக்கு வந்திருக்கிறது. இதை ஒரு சாதாரணக் காத்திருப்பாக எண்ணிவிடக் கூடாது. என் கணிப்பில், இரண்டும் சாத்தியமான இடத்தில் முன்கூட்டித் தடுப்பதே மேல். இரண்டாம் வழிதான் கிடைக்கும் என்றால், மருந்து வரும் நாளை எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல் ஒப்புதல் தரக் கூடாது.

மருந்துகளின் மோதலையும் கவனிக்க வேண்டும். கிளெகாப்ரெவிர், கிராஸோப்ரெவிர் போன்றவை உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கத் தரப்படும் சைக்ளோஸ்போரினுடன் ஒத்துப்போகா. அம்மருந்து எடுப்பவருக்கு வேறு கூட்டுத் தேவை. இதயத் துடிப்பைச் சீராக்கத் தரப்படும் அமியோடரோனுடன் சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு அபாயகரமாகக் குறையக்கூடும். இதயம் பெறுபவர்களுக்கு இது முக்கியம். அறுவைக்குப்பின் பலருக்கும் வழக்கமாகத் தரப்படும் அமிலத் தடுப்பு மாத்திரை, வெல்பட்டஸ்விர் உடலில் சேர்வதைக் குறைக்கிறது. கடந்த காலத்தில் ஹெபடைடிஸ் பி இருந்தவருக்கு, சி வைரஸை ஒழிக்கும் மருந்தே பி வைரஸைத் தட்டியெழுப்பக்கூடும் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் விடுத்தது. இவை எதுவும் உறுப்பை மறுக்கக் காரணமாகா. ஆனால் இவை முன்கூட்டியே ஆராயப்பட்டிருக்க வேண்டும்.

அரிதாகச் சிகிச்சை தோற்பதும் உண்டு. அத்தகையோருக்கு வோக்ஸிலாப்ரெவிர் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு, 2017 முதல், இரண்டாம் வாய்ப்பாக இருக்கிறது.

எதிர்த் தட்டில் இருப்பது: காத்திருப்பு

இவ்வளவு நேரம் ஒரு தட்டில் உள்ளதையே பார்த்தோம். மறுப்பவர்கள் பலர், மறு தட்டில் ‘தொற்றில்லாத, நல்ல உறுப்பு’ இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். அங்கே இருப்பது உறுப்பு அன்று. எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு. டயாலிசிஸில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது. அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் உடல்நிலையே கெட்டு, பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுவோரும் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் எவ்வளவு விரைவாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நன்மை என்பது பல ஆண்டுகளாக உறுதிப்பட்ட உண்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் சி உள்ள கொடையாளர்களில் இளம் வயதினர் கணிசமாக இருக்கிறார்கள். வட அமெரிக்காவில் ஓபியாய்டு போதைமருந்துகளால் இறந்தவர்கள் இவ்வகையில் பெரும் பங்கு. அந்த மரணங்களின் துயரம் தனியானது. ஆனால் அவர்களுடைய சிறுநீரகமும் இதயமும் பல சமயம் மிக நல்ல நிலையில் இருக்கின்றன. தொற்றில்லாத, ஆனால் வயதான, நீண்டகாலச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருந்த கொடையாளரின் சிறுநீரகத்தோடு ஒப்பிட்டால், குணப்படுத்தக்கூடிய வைரஸுடன் வரும் இளம் சிறுநீரகம் நெடுங்காலம் உழைக்கும் வாய்ப்பு அதிகம். வைரஸை மருந்தால் நீக்கலாம். தேய்ந்த சிறுநீரகத்தைப் புதுப்பிக்கும் மருந்து இல்லை.

ஆகவே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியவர்கள், டயாலிசிஸைத் தாங்க இயலாமல் தளர்பவர்கள், இதயமோ நுரையீரலோ கல்லீரலோ இல்லாமல் மாதங்களைக்கூடக் கடத்த முடியாதவர்கள் ஆகியோருக்கு ஏற்பதே மேல். மாறாக, பொருந்தும் உறவினர் ஒருவர் உயிருடன் சிறுநீரகம் தர முன்வந்து, அறுவைக்கான நாளும் குறிக்கப்பட்டிருக்கும் நோயாளி, தொற்றுள்ள உறுப்பை ஏற்க அவசரப்படத் தேவையில்லை. ஏற்கெனவே கல்லீரல் கடுமையாகத் தழும்பேறியவர் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது; அவருக்கு இன்னொரு தாக்குதலைத் தாங்கும் கல்லீரல் இல்லை.

ஹெபடைடிஸ் சி ஏற்கெனவே உள்ள நோயாளிக்குத் தேர்வு சற்று வேறு வகையானது: இப்போதே குணமாவதா, தொற்றுள்ள உறுப்பைப் பெற்று இரண்டையும் ஒன்றாகக் குணப்படுத்துவதா? தொற்றுள்ள உறுப்புகள் தொற்றுள்ளோருக்கு மட்டும் என்றிருந்த காலத்தில், சிகிச்சையைத் தள்ளிவைத்தால் வரிசை குறைந்தது. இப்போது அவை எல்லோருக்கும் தரப்படும் மையங்களில் அந்த ஆதாயம் சுருங்கிவிட்டது. அங்கே முன்கூட்டிக் குணமாவதே நல்லது. கல்லீரலுக்காகக் காத்திருப்பவரிடம் மட்டும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. வைரஸ் நீங்கினால் அவருடைய இரத்த அளவுகள் சற்றுச் சீராகி, முன்னுரிமை மதிப்பெண் குறையும். ஆனால் வயிற்றில் நீர் கோப்பதும் அறிவு மங்குவதும் அப்படியே தொடரலாம். தாள்களில் தேறியவராகவும் படுக்கையில் தேறாதவராகவும் அவர் நடுவில் சிக்கிக்கொள்கிறார். இத்தகையோருக்குச் சிகிச்சையை மாற்று அறுவைக்குப்பின் வைத்துக்கொள்வது பல சமயம் நியாயமானது.

ஹெபடைடிஸ் பி: உறுப்பே விடையைத் தீர்மானிக்கிறது

சி வைரஸை உடலிலிருந்து முற்றிலும் நீக்கிவிடலாம். பி வைரஸை நீக்க முடியாது. இந்த ஒரு வேறுபாடே முழுக் கணக்கையும் மாற்றுகிறது. பி வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் டி.என்.ஏ.வை மூடிய வளையமாக வைத்துவிடுகிறது. இரத்தத்தில் ஆன்டிஜென் மறைந்து, நோயாளி மீண்டுவிட்டார் என்று எல்லோரும் நம்பும் நிலையிலும் அந்த வளையம் அங்கேயே இருக்கிறது. எதிர்ப்பாற்றல் அதை அடக்கி வைத்திருக்கும் வரை தீங்கில்லை. அந்தக் கல்லீரலை எடுத்து, எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கிய வேறோர் உடலில் வைத்தால், காவல் நீங்கிவிடுகிறது.

இதனால்தான் உள்ளகப் புரதத்துக்கான எதிர்ப்பொருள் மட்டும் உள்ள கொடையாளரின் சிறுநீரகமும் கல்லீரலும் ஒன்றல்ல. சிறுநீரகத்தில் அந்த வளையத்துக்கு இடமில்லை. இத்தகைய சிறுநீரகங்களைப் பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, மேற்பரப்பு ஆன்டிஜென் பாசிட்டிவானவர்கள் ஆயிரத்துக்கு மூவருக்கும் குறைவு. பெறுநருக்குத் தடுப்பூசி போடப்பட்டு, எதிர்ப்பொருள் அளவு 10 அலகுக்கு மேல் இருந்தால், இந்தச் சிறுநீரகத்தை மறுக்க நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எதிர்ப்பாற்றல் இல்லாத பெறுநருக்கும், குறிப்பிட்ட காலம் வைரஸ் தடுப்பு மாத்திரை தந்து கண்காணித்தால், ஏற்கலாம்.

கல்லீரலின் கதை வேறு. எதிர்ப்பாற்றல் இல்லாத பெறுநருக்கு, இத்தகைய கல்லீரலைத் தடுப்பு மருந்தின்றிப் பொருத்தினால், ஏறத்தாழ பாதிப் பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி வருகிறது. தடுப்பு மருந்து அந்த எண்ணிக்கையை மிகவும் குறைத்துவிடும். ஆனால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் போன்ற மாத்திரையை, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், தவறாமல் எடுக்க வேண்டும். பழைய லாமிவுடினும் இதற்குப் பயன்பட்டது. நெடுநாள் பயன்பாட்டில் வைரஸ் அதற்குப் பழகிவிடும் என்பதால், புதியவையே இன்று விரும்பப்படுகின்றன. இக்கல்லீரலுக்கு மிகப் பொருத்தமான பெறுநர், ஏற்கெனவே ஹெபடைடிஸ் பி-க்காக இதே மாத்திரையை எடுத்துவருபவர்தான். அவருக்குக் கூடுதல் சுமை ஏறத்தாழ இல்லை. மற்றவர், ‘நான் இந்த மாத்திரையை எத்தனை ஆண்டுகள் விடாமல் எடுக்க முடியும்’ என்று தன்னையே கேட்டுக்கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

மேற்பரப்பு ஆன்டிஜென் பாசிட்டிவான கொடையாளரின் உறுப்பு, தொற்று பரவலாக உள்ள நாடுகளில், எதிர்ப்பாற்றல் உள்ள பெறுநர்களுக்கு மாத்திரையும், ஆயத்த எதிர்ப்பொருளான ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினும் தந்து வெற்றியுடன் பயன்படுத்தப்படுகிறது. இருந்தாலும் மாற்று வழியுள்ள சிறுநீரக நோயாளிக்கு, அதுவும் தடுப்பூசி பலிக்காதவருக்கு, நான் காத்திருப்பையே பரிந்துரைப்பேன். கல்லீரல் திடீரெனச் செயலிழந்து நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. இத்தகைய கொடையாளருக்கு டெல்டா வைரஸ் எனப்படும் ஹெபடைடிஸ் டி-யும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அது பி வைரஸின் துணையோடு மட்டுமே வாழ்வது. பி-யைப் போல அதை எளிதாக அடக்கும் மருந்து இல்லாததால், டி இருந்தால் உறுப்பை மறுப்பதே பாதுகாப்பானது.

தடுப்பூசி பற்றி ஒரு சொல். சிறுநீரகம் செயலிழந்தபின் தடுப்பூசிக்கு உடல் சரியாகப் பதிலளிப்பதில்லை. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரட்டை அளவு தரப்படுகிறது. நோய் தெரிந்த தொடக்கத்திலேயே தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு, பிற்காலத்தில் தேர்வுகள் அதிகமாக இருக்கும்.

எல்லாச் சோதனையும் நெகட்டிவ் என்று வந்தால்?

இங்கேதான் பலர் ஒப்பீட்டை நிறுத்திவிடுகிறார்கள். நெகட்டிவ் என்றால் முழுப் பாதுகாப்பு என்று கொள்கிறார்கள். தொற்று ஏற்பட்ட நாளுக்கும் சோதனையில் அது தெரியும் நாளுக்கும் இடையே உள்ள காலத்தைச் சாளரக் காலம் என்கிறோம். ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் தெரிய 8 முதல் 11 வாரங்கள் ஆகலாம். நியூக்ளிக் அமிலச் சோதனையில் ஒரு வாரத்துக்குள்ளேயே வைரஸ் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹெபடைடிஸ் பி-க்கு மேற்பரப்பு ஆன்டிஜென் தெரிய 5 முதல் 6 வாரங்களும், நியூக்ளிக் அமிலச் சோதனைக்கு ஏறத்தாழ 3 வாரங்களும் ஆகும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், எதிர்ப்பொருள் சோதனையில் நெகட்டிவாக இருந்த ஒரு கொடையாளரின் உறுப்புகளாலும் திசுக்களாலும் 8 பேருக்கு ஹெபடைடிஸ் சி பரவியது. தசைநாண் பெற்றவர்களும் அவர்களில் இருந்தனர். 2007இல் சிகாகோவில் ஒரே கொடையாளரிடமிருந்து உறுப்பு பெற்ற நால்வருக்கு, ஹெச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்தே பரவின. அங்கும் எதிர்ப்பொருள் சோதனை நெகட்டிவ். இரு நிகழ்வுகளிலும் தவறியது, சாளரக் காலத்தைக் காண இயலாத சோதனை. அந்நாள்களில் நியூக்ளிக் அமிலச் சோதனை எல்லாக் கொடையாளர்களுக்கும் செய்யப்படவில்லை.

எனவே, ‘எதிர்ப்பொருள் நெகட்டிவ்’ என்று மட்டும் தெரிந்த உறுப்பையும், ‘அண்மையில் ஊசிவழிப் போதை போன்ற அபாயச் சூழல் இருந்தது, ஆனால் நியூக்ளிக் அமிலச் சோதனையும் நெகட்டிவ்’ என்று சொல்லப்படும் உறுப்பையும் ஒப்பிட்டால், இரண்டாவதன் மீதே எனக்கு நம்பிக்கை அதிகம். அங்கே எஞ்சியிருக்கும் அபாயம் சில நாட்களின் சாளரம் மட்டுமே. அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையின் 2020 வழிகாட்டுதல், கொடையாளரின் அபாயச் சூழலை விசாரிக்கும் காலத்தை 12 மாதத்திலிருந்து 30 நாட்களாகக் குறைத்ததற்கும் இந்தச் சோதனையின் திறனே அடிப்படை. ‘அபாயம் கூடியவர்’ என்ற முத்திரையைப் பார்த்து நல்ல உறுப்புகள் மறுக்கப்பட்டு, மறுத்தவர்கள் காத்திருப்பிலேயே இறந்த அனுபவத்திலிருந்து கற்ற பாடமும் அதில் உண்டு.

ஹெபடைடிஸ் ஏ உறுப்பு வழியாகப் பரவுவது மிக அரிது. ஹெபடைடிஸ் இ அப்படியன்று. சாதாரணமாக வந்து போகும் இந்த வைரஸ், உறுப்பு பெற்றவர்களிடம் நாட்பட்ட தொற்றாகத் தங்கிவிடும் என்பது 2008இல் பிரான்சின் துலூஸ் நகர மருத்துவர்களால் காட்டப்பட்டது. கொடையாளரின் கல்லீரல் வழியே அது வந்ததும் பதிவாகியிருக்கிறது. எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்தைக் குறைப்பதும், தேவைப்பட்டால் ரிபாவிரின் தருவதும் சிகிச்சை. காரணம் தெரியாமல் கல்லீரல் நொதிகள் உயர்ந்தால் இதையும் தேடச் சொல்லுங்கள்.

உயிருடன் இருக்கும் கொடையாளர் என்றால்

உறவினர் ஒருவர் சிறுநீரகம் தர முன்வந்து, அவருக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது சோதனையில் தெரிய வந்தால், பல குடும்பங்கள் அத்துடன் அவரைக் கைவிட்டுவிடுகின்றன. இது தேவையற்ற இழப்பு. அவருக்கு 8 முதல் 12 வாரம் மருந்து கொடுத்து, முடிந்தபின் மேலும் 12 வாரம் பொறுத்து, வைரஸ் இல்லை என்று உறுதி செய்து, கல்லீரல் தழும்பேறவில்லை என்பதையும் சிறுநீரகத்தை அந்த வைரஸ் பாதிக்கவில்லை என்பதையும் பார்த்தபின் அவர் கொடுக்கலாம். ஏறத்தாழ ஆறு மாதத் தாமதம். அதில் கொடையாளரின் உடல்நலமும் மீட்கப்படுகிறது. டயாலிசிஸில் நிலையாக இருக்கும் பெறுநருக்கு, மூளைச்சாவுக் கொடையாளரின் தொற்றுள்ள உறுப்பைவிட இதுவே சிறந்த வழி.

ஒப்புதல் தந்தபின்

உறுப்பை ஏற்றவர் வீட்டாரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி இருக்கும் வாரங்களில் சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கி ஆகியவற்றைப் பகிரக் கூடாது. ஒன்றாக உண்பதாலும் தொடுவதாலும் அது பரவாது. ஹெபடைடிஸ் பி தொடர்புடைய உறுப்பு என்றால் வீட்டில் உள்ள அனைவரும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மேலும், சி வைரஸ் குணமானபின்னும் பெறுநரின் எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவாகவே தொடரலாம். பிற்காலத்தில் வேறொரு மருத்துவமனையில் அந்தத் தாளைப் பார்த்து அவரோ மருத்துவரோ பதற வேண்டியதில்லை. வைரஸின் ஆர்.என்.ஏ. சோதனையே அவருடைய நிலையைச் சொல்லும்.

எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவருக்குக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வராமலே தொற்று வளரக்கூடும். எதிர்ப்பொருளும் காலத்தில் உருவாகாமல் போகலாம். ஆகவே கொடையாளரின் சோதனை முடிவு எதுவாக இருந்தாலும், அறுவைக்குப்பின் 4 முதல் 8 வாரங்களுக்குள் பி, சி, ஹெச்.ஐ.வி. மூன்றுக்கும் நியூக்ளிக் அமிலச் சோதனை செய்ய வேண்டும். கல்லீரல் பெற்றவருக்கு, ஓராண்டு நிறையும் தறுவாயில், ஹெபடைடிஸ் பி-க்கு மட்டும் அது மீண்டும் ஒருமுறை செய்யப்படுகிறது. அந்த இரண்டாம் சோதனையின் நாளை, மருத்துவமனையை விட்டு வெளியேறும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.